பெட்டி விட்ட மூச்சு

பெட்டி மூச்சு விட்டது.

முதலில் அவர் நம்பவில்லை. பெட்டியருகே வைத்த மைக்கின் ஹெட்போனைக் கழற்றி, காதைக் குடைந்துவிட்டு, மறுபடி மாட்டினார். இழுத்து ஒரு மூச்சு. சின்ன இடைவெளி. விட்டு ஒரு மூச்சு.

கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சோதித்து வீடியோ போடுவது அவர் தொழில். எந்தப் பெட்டி உள்ளே இருப்பதைச் சூடேறாமல் பார்த்துக்கொள்கிறது, எது எவ்வளவு இரைகிறது என்று அளந்து சொல்வார். வாசலில் எப்போதும் அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடப்பதால் தெருவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர்.

போன மாதம் அந்தப் பெயர் கெட்டுவிட்டது. நல்ல பெட்டி ஒன்றை இரைச்சல் பெட்டி என்று சொல்லிவிட்டார். இரைந்தது பெட்டி அல்ல, பக்கத்து வீட்டில் ஓயாமல் உறுமும் ஏதோ ஒரு மோட்டார். வீடியோ பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்து அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். பெட்டி அனுப்பும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நழுவின. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதிலும் கோட்டைவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். குடிவந்த நாளாகப் பக்கத்துக் கதவு திறந்து அவர் பார்த்ததில்லை. ஒரு எட்டு போய் விசாரித்துவிட்டு வரலாமே என்று மனைவி சொன்னபோதெல்லாம் அவருக்கு வேலை இருந்தது.

நேற்று மட்டும் நேரம் கிடைத்தது. பலகையில் ஓங்கித் தட்டி, "நான் சத்தம் அளக்கும்போதாவது அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்க" என்று கத்தினார்.

பதில் வரவில்லை. ஆனால் இன்று மத்தியானம் அவர் கேமராவைப் பார்த்து, "இப்ப அளக்கப் போறேன்" என்றதுமே உறுமல் நின்றது. ஓர் அதட்டல் போட்டால்தான் சிலருக்கு உறைக்கும் என்று மனைவியிடம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அந்த அமைதியில்தான் இந்த மூச்சு.

பெட்டியின் விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். மூச்சு நிற்கவில்லை. பிளக்கையே பிடுங்கினார். மின்சாரம் இல்லாத இரும்புப் பெட்டி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வயர்களைத் தவிர அசையக்கூடியது எதுவும் இல்லை.

பேய் என்று யாராவது சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பவர்தான். இப்போது பெட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினார். மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார்.

கேட்டவள் முகம் வெளுத்துப் போனது.

"யாருக்கோ மூச்சு முட்டுதுங்க."

"பெட்டிக்குள்ள யாரு இருப்பா? இது முன்பக்கம் மூடின பெட்டி. காத்து போக வழி இல்ல. வெளியே சத்தம் வராது, உள்ள இருக்கிறது வெந்து போகும். அவ்வளவுதான்."

"பிளக்கைத்தான் பிடுங்கிட்டீங்களே. எது வேகுது?"

மூச்சு இப்போது வேகம் பிடித்திருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய விசில். பெட்டி ஓடாதபோது அறை எவ்வளவு அமைதி என்று முதலில் அளக்க வேண்டும். அந்த ஒரு கணக்கில்தான் போன மாதம் மானம் போனது. சாயங்காலத்துக்குள் வீடியோ போயாக வேண்டும். பயம் எரிச்சலாக மாறியது. பெட்டியின் தலையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருந்தா என்ன கேடு?"

மூச்சு நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் அளக்கும் மீட்டரில் எண் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்தே இராத அளவுக்கு இறங்கியது. பெட்டியைத் தொடத் தைரியம் வரவில்லை. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. பேசாதே என்று மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த பலகையில் காதை வைத்தாள். அப்படியே நின்றாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் வெடித்தது. ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

இருவரும் ஓடினார்கள். பக்கத்துக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. பலகையை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஓர் அம்மாள் சுருண்டு உட்கார்ந்து, வாயில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். நகமெல்லாம் நீலம். மூக்கில் குழாய். அதன் மறுமுனை கட்டில் காலடியில் இருந்த ஆக்சிஜன் மெஷினில். மெஷின் ஓடவில்லை.

மனைவி பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். உறுமல் எழுந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த அதே உறுமல்.

அந்த அம்மாளின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. வாசல்படியில் அசையாமல் நின்றவரைப் பார்த்ததும் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், பாழாப்போன இருமல் வந்திடுச்சு. மெஷினை அணைச்சிடுறேன், இன்னொரு தடவை அளந்துக்கிறீங்களா?"