தினசரிப் பரிசோதனை

மார்புப் புற்றுநோய் குணமாகி வீடு திரும்பிய தையல்காரியின் கணவனிடம், "மூளைக்குப் பரவ வாய்ப்பிருக்கு. கண் மங்கினா உடனே கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசலில் நின்று, அவள் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவான். அவனுக்கு அதுதான் ஸ்கேன்.

"ஒரே தடவைல கோத்துட்டேன், பாத்தாச்சுல்ல? கிளம்புங்க!" என்று விரட்டுவாள்.

ஒருநாள் மயங்கி விழுந்தாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "பார்வை மங்கி ரெண்டு மாசமாவது ஆயிருக்குமே?" என்றார்.

"இருக்காது டாக்டர். இன்னைக்குக் காலையிலகூட நூல் கோத்தா. என் கண்ணால பாத்தேன்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் ஊசி டப்பாவைத் திறந்தான். ஒன்றுகூட வெறும் ஊசி இல்லை. எல்லாவற்றிலும் நூல் கோத்திருந்தது.

"நான்தாம்ப்பா கோத்து வைப்பேன்" என்றாள் சின்ன மகள். "அப்பா நிம்மதியா வேலைக்குப் போகட்டும்னு அம்மா சொன்னாங்க."