மாப்பிள்ளைக்கு மோர்ச்சோறு

“ஆத்தாளாவது, வாரதாவது! இது வைரஸ், பிச்சம்மா. சிக்கன் பாக்ஸ். டாக்டர் மாத்திரை கொடுத்தாச்சு.”

ஈவாஞ்சலின் வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். மகன் ரெக்சனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். இரண்டு வாரத்தில் பிளஸ் டூ பரீட்சை. இந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, “ஆத்தா வந்திருக்கா டீச்சர், சுத்தபத்தமா இருக்கணும்” என்றால் எரிச்சல் வராதா?

மறுநாள் பிச்சம்மாள் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. அதோடு இந்தப் பக்கம் வருவதையும் அவள் நிறுத்திவிட்டாள்.

“நாலெழுத்துப் படிச்சிருந்தா இப்படியா இருப்பா?” என்றாள் ஈவாஞ்சலின்.

அவளுடைய ஜெபக் குழுவிலிருந்தும் யாரும் வரவில்லைதான். அவர்கள் படித்தவர்கள். ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்து, போனிலேயே ஜெபித்தார்கள்.

ஒன்பதாம் நாள் மீன்காரி விக்டோரியா வந்து கூடையை இறக்கினாள்.

“கேட்டீங்களா டீச்சரம்மா? நேத்து பக்கத்து வீட்டுக்குப் புது மாப்பிள்ளை முத விருந்துக்கு வந்திருக்காரு. முழு சீலா மீனு கொண்டுபோய்க் காட்டுதேன், வேண்டாம்னுட்டா மகராசி. மாப்பிள்ளைக்கு மோர்ச்சோறு! ஒரு அப்பளம்கூடப் பொரிக்கல. மனுசன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. மக அழுதுக்கிட்டே பின்னால போறா.”

“ஏன், என்ன கேடு?”

“அம்மை கண்ட வீட்டுல மீன் ஏத்த மாட்டாங்க, அடுப்புல எண்ணெய் வைக்க மாட்டாங்க. வேற என்ன?”

ஈவாஞ்சலினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கேயும் யாருக்கோ ஒட்டியிருக்கிறது. வைத்தியம் பார்க்காமல் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

டாக்டரின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு நேரே போனாள்.

“யாருக்குப் போட்டிருக்கு? உன் வீட்டுக்காரருக்கா? ஒளிக்காத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இலையைக் கட்டித் தொங்கவிட்டா சரியாயிருமா? உன் அறியாமைக்கு மக வாழ்க்கைதான் கிடைச்சுதா?”

பிச்சம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

“இங்கன யாருக்கும் ஒண்ணும் இல்லியே டீச்சர்.”

“பின்ன மாப்பிள்ளைக்கு எதுக்கு மோர்ச்சோறு?”

“அவரு கோவம் நாலு நாள்ல ஆறிரும். ரெக்சன் தம்பிக்கு வார திங்கக்கிழமை பரீட்சைல்லா? நீங்க இதெல்லாம் பாக்க மாட்டீங்க. புள்ளைக்காக ஒரு வீட்டுலயாவது பத்தியம் இருக்க வேண்டாமா?”