மடித்த போர்வை

உயிர்ப்பு ஞாயிறு, காலை ஆறு மணிப் பூசை முடிந்திருந்தது. மாசியில் கடலுக்குப் போய்த் திரும்பாத கஸ்பாருக்கு ஆத்துமப் பூசை வைக்க நாள் கேட்கத்தான் அவன் மனைவி பிரகாசியைக் கொழுந்தன் சாமியாரிடம் அழைத்து வந்தான். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

“ஆண்டவரோட கல்லறையில தலைத்துணி தனியா மடிச்சிருந்துச்சுன்னு பிரசங்கத்துல சொன்னீங்களே சாமி?”

“ஆமாம்மா. திருடன் துணிய மடிச்சு வைக்கமாட்டான். அவரே எழுந்து, அவசரமில்லாமப் போயிருக்கார்.”

“மதினி, பூசைக்கு நாள் கேளுங்க,” என்றான் கொழுந்தன்.

கஸ்பார் கைலியைக் கழற்றிய இடத்திலேயே விட்டுப்போகிறவன். பாம்பு சட்டை உரித்த மாதிரி என்று அவள் திட்டாத நாளில்லை. கடைசியாகக் கடலுக்குப் போன அன்று மட்டும் போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தான். அவள் இன்னும் அதை விரிக்கவில்லை.

“அவரும் அன்னைக்குப் போர்வைய மடிச்சு வச்சிட்டுத்தான் போனாரு. அது திரும்பி வரவா சாமி, வராமலே இருக்கவா?”