மூடிய கைகள்

காது கேளாதோர் சபையில் பிரசங்கத்தைக் கைகளால் சொல்பவர் பியூலா. இயேசு என்ற பெயருக்கு அங்கே ஒரே சைகைதான். நடுவிரலால் ஓர் உள்ளங்கையைத் தொட்டு, பிறகு மறு உள்ளங்கையைத் தொடுவார்கள். ஆணி இறங்கிய இடங்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் போதகர் மாட்டுத்தொழுவத்தில் பிள்ளை பிறந்த பகுதியை வாசித்தார். பியூலா வழக்கம்போல இரு உள்ளங்கைகளையும் தொட்டார். பேறுகாலம் முடிந்து அன்றுதான் கைப்பிள்ளையோடு கோயிலுக்கு வந்திருந்த ஜாஸ்பின், முன்வரிசையில் சட்டென்று எழுந்து நின்றாள்.

"அக்கா, இப்பத்தான பொறந்திருக்கு. அதுக்குள்ள ஆணி அடிச்சிட்டீங்களே?" என்று ஒற்றைக் கையால் கேட்டாள்.

"என்னம்மா செய்ய? பேரே அதான," என்றன பியூலாவின் கைகள்.

ஜாஸ்பின் தன் பிள்ளையை உயர்த்திக் காட்டினாள். தூக்கத்தில் அதன் இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன.

பியூலா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கைகள் இரண்டையும் அதேபோல மூடி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். வரிசை வரிசையாகச் சபையும் கைகளை மூடிக்கொண்டது.

போதகர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். பியூலா கைகளைத் திறக்கவில்லை.