இமையில்லாத மீன்கள்

மீன்கள் மறுபடியும் கறுத்திருந்தன.

மீன்தொட்டியைப் பராமரிக்க வரும் தொட்டிக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தார். நேற்றுவரை சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல், ஆரஞ்சும் நீலமுமாக வலம் வந்த டிஸ்கஸ் மீன்கள், இன்று பின்மூலையில் ஒன்றோடொன்று ஒண்டிக் கிடந்தன. உடம்பெல்லாம் கரியால் இழுத்த நெடுக்குக் கோடுகள்.

டிஸ்கஸுக்கு மனசை ஒளிக்கத் தெரியாது. பயந்தால் தோலே சொல்லிவிடும்.

எதற்குப் பயம் என்பதை மட்டும் சொல்லாது.

சில காலைகளில் இப்படி. பல காலைகளில் ஒன்றுமில்லை. தண்ணீரைச் சோதித்தார், குறையில்லை. இந்த மீனுக்கு வேண்டிய வெதுவெதுப்பு கொஞ்சமும் இறங்கவில்லை.

"நோயாளிங்க மனசுக்குத் தெம்பா இருக்கட்டும்னுதான் தொட்டி வெச்சோம். இதுங்களே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எடுத்துரலாம்" என்று பெரிய டாக்டர் சொல்லியாயிற்று.

அது மருத்துவமனையின் கடைசி வார்டு. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களை அங்கே படுக்க வைப்பதில்லை.

தொட்டி வெளியே, நடைக்கூடத்தில். கதவோரக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு மட்டும் அது நேராகத் தெரியும். கூடப்பிறந்த அக்கா இல்லை. முதல் நாளே "என்ன தம்பி, மீன் எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டு அக்காவாகிவிட்டவர். அவரைப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை.

"சாப்பிட மாட்டேங்குதுக்கா" என்றார் தொட்டிக்காரர்.

"தட்டே சாப்பிடலன்னா, சாப்பாட்ட எதுல தம்பி போடுறது?" என்று சிரித்தார் அக்கா. அவருக்கே நாலு வாய் கஞ்சிதான் இறங்கும்.

தொட்டிக்காரருக்குக் கூட வாழும் மீன்கள்மேல் சந்தேகம் வந்தது. டிஸ்கஸோடு குடித்தனம் நடத்த எல்லா மீனாலும் முடியாது. அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். அதன் மெத்தனத்தையும் தாங்க வேண்டும். ஏஞ்சல் மீன் அவசரக்குடுக்கை. டிஸ்கஸ் யோசித்து வாய் திறப்பதற்குள் இரையைத் துடைத்துவிடும். அதை முன்பே எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தவை சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட குட்டி டெட்ராக்களும், கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீனும். சக்கர் சாது போலத்தான் இருக்கும். ஆனால் இருட்டில் டிஸ்கஸின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சிப் பழகிவிடும்.

திருடன் அகப்பட்டான் என்று சக்கரைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து மீன்கள் மறுபடியும் கறுத்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்தத் தடவை இன்னொன்றும் கண்ணில் பட்டது. டெட்ராக்களும் செடிக்குள் பதுங்கியிருந்தன. குட்டிகள் வெட்டவெளியில் திரிந்தால்தான் 'ஆபத்தில்லை' என்று நம்பி டிஸ்கஸ் முன்னால் வரும். அந்தக் குட்டிகளே பதுங்கினால், பயம் தொட்டிக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது.

இரவுப் பணி முடிந்து கிளம்பிய நர்ஸிடம், "ராத்திரி இங்க ஏதாச்சும் நடந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"ஜன்னலோரத்துப் பெரியவர் போயிட்டாரு. ஸ்ட்ரெச்சர் வரணும்ல, லைட்ட எல்லாம் போட்டாச்சு. அப்புறம் யாரு கண்ண மூடினா?"

தொட்டிக்காரர் மீன்களைப் பார்த்தார். மூடுவதற்கு அவற்றுக்கு இமை கிடையாது.

கறுத்த காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

அக்காவிடம் பாதியைத்தான் சொன்னார். "கும்மிருட்டுல திடீர்னு பளீர்னு லைட்டு வந்தா பயந்து கண்ணாடியில முட்டிக்குதுங்கக்கா." எதற்காக விளக்குப் போடுகிறார்கள் என்பதை விழுங்கிவிட்டார்.

"எனக்குத் தெரியாதா? நான் முழிச்சுக்கிட்டுத்தானே கிடக்கேன்." அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு வழி பண்ணு தம்பி. அடுத்த தடவ லைட் போடுறப்ப அதுங்க பயப்படக் கூடாது."

வழி சுலபம். ஆனால் கை ஓடவில்லை. இப்போதெல்லாம் அவர் மாடிப்படி ஏறியதும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தார். மீனில் நிறம் இருந்தால் கால் தானாக நடக்கும். நிறம் இல்லாத அன்று, கதவோரக் கட்டிலை எட்டிப் பார்த்த பிறகுதான் வாளியைக் கீழே வைப்பார். இரவில் ஒரு விளக்கு எரிந்துவிட்டால் மீன் இதைச் சொல்லாமல் போய்விடும்.

"பல்பு ஒண்ணு மாட்டச் சொன்னா, சூரியனையே கொண்டாரச் சொன்ன மாதிரி நிக்கிற?" என்று அக்கா கடிந்துகொண்டார்.

மாட்டினார். தொட்டியின் மூடிக்கு மேலே, மின்மினி அளவுக்கு ஒரு நீல பல்பு.

இன்று காலை மாடிப்படியிலிருந்தே நிறம் தெரிந்தது. டெட்ராக்கள் நடுத்தண்ணீரில் திரிந்தன. டிஸ்கஸ்கள் முன்கண்ணாடிக்கு வந்து அவர் கையையே பார்த்தன. புழுவைப் போட்டார். எல்லாம் வந்து தின்றன. உடம்பில் ஒரு கோடு இல்லை.

"அக்கா, உங்க தட்டுங்க எல்லாம்..." என்று திரும்பினார்.

கதவோரக் கட்டிலில் சுருக்கமில்லாமல் புது விரிப்பு விரித்திருந்தது. பட்டப்பகல் ஆகியும் நடைக்கூடத்தின் பெரிய விளக்குகளை இன்னும் யாரும் அணைக்கவில்லை.

இரவெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் போதும். பெரிய வெளிச்சம் திடீரென்று வந்தாலும் டிஸ்கஸ் பயப்படாது.