ஆள் இறங்கலாம்

"பேனாவ மூடி வைங்க சார்! எந்திரிச்சு வந்து அந்தத் தொட்டிய ஒரு தடவ பாருங்க. அதுக்கப்புறம் போடுங்க ஒங்க கையெழுத்த!"

எஞ்சினீயர் சவரியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆலங்குடியிலிருந்த அந்தக் கடலை எண்ணெய் மில்லில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அறை வாசலில் கையில் முறத்தோடு ஒரு பெண் நின்றாள். களத்தில் கடலை புடைக்கிறவள். மருதாயி என்ற பெயரைத் தவிர அவளைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது. வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்க வேண்டும். தலையெல்லாம் கடலைத் தோல்.

"ஏய், இங்க ஒனக்கென்ன வேலை? களத்துக்குப் போ!" மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் அதட்டினார்.

"போறேன். இவுக தொட்டியப் பாக்கட்டும், நான் போறேன்."

மில்லுக்குப் பின்னால் தரைக்கடியில் பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்று இருந்தது. அடியில் கசடு தேங்கிப் புளித்துப் போயிருந்தது. ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். உள்ளே விஷக்காற்று இல்லை என்று சோதித்துப் பார்த்து, பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் இறங்கலாம் என்பது சட்டம். அந்தப் பர்மிட் சீட்டை மேனேஜரே டைப் அடித்துக் கொண்டு வந்துவிட்டார். 'தொட்டி சோதிக்கப்பட்டது. ஆள் இறங்கலாம்.' கையெழுத்துதான் பாக்கி.

"சாயங்காலம் புதுக்கோட்டையிலேர்ந்து லாரி வந்துடும் சார். தீபாவளிச் சரக்கு, தாமதிக்க முடியாது," என்றார் மேனேஜர். "திருச்சி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா காட்டறதுக்கு ஒரு காகிதம், அவ்வளவுதான் இது. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் இதுக்காக நாற்காலிய விட்டு எழுந்ததே இல்லை."

"கேட்டுக்கங்க!" மருதாயி சீறினாள். "எந்திரிச்சுப் போயிப் பாக்காம எழுதுற சீட்டு எதுக்கு? உள்ள மூச்சு முட்டுறப்ப அந்தக் காகிதமா வந்து காப்பாத்தும்? எழுதுறவுக இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ. எறங்குறவன் அங்கிட்டு பொதகுழியில. நல்லா இருக்குங்க ஒங்க சட்டம்!"

"யாரும்மா இறங்கப் போறது?"

"ராக்கன்."

மேனேஜர் குரல் கொடுத்தார். ராக்கன் வந்து நின்றான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இறங்கத் தயாராக இருந்தான். மருதாயியைக் கண்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எதுக்கு மருதாயி இதுல தலையிடுற? போயிரு," என்றான் மெல்ல.

"வீட்டுல சின்னஞ்சிறுசுக இருக்கே, அதுகள நெனச்சியா நீயி?"

அவன் இடுப்புத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"இறங்கப் போறவரே பேசாம இருக்கார். நீ ஏம்மா இப்படிச் சத்தம் போடுறே?" என்றார் சவரியப்பன்.

"அது எப்படி சார் பேசும்? வாயத் தொறந்தா நாளைக்கு வேலை இருக்காது. அந்தப் பயத்துல இந்த மில்லுல எவன் எதத்தான் செய்யல?"

சவரியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகி, சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒரு அரிக்கேன் விளக்கும் கயிறும் கொண்டு வரச் சொல்லுங்க," என்று எழுந்தார்.

தொட்டியின் இரண்டு இரும்பு மூடிகளில் ஒன்றைத் திறந்ததுமே புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே விட்டார். பாதி ஆழம்கூடப் போகவில்லை. சுடர் சிறுத்து, நடுங்கி, அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது.

"விளக்குல எண்ணெய் இருந்திருக்காது சார்," என்றார் மேனேஜர்.

சவரியப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "விளக்கே மூச்சுவிட முடியாத இடத்துல மனுஷனை இறக்கப் பார்த்தீங்களே! கொஞ்சம் விட்டிருந்தா என் கையாலேயே ஒரு கொலைக்குச் சம்மதம் எழுதியிருப்பேனே!"

சீட்டை நாலாகக் கிழித்தார்.

"ரெண்டு மூடியையும் திறந்து போடுங்க. உள்ளே காத்து அடிக்க மெஷின் வரட்டும். விளக்கு அடிவரைக்கும் போய் நின்னு எரியணும். அதுவரைக்கும் ஒருத்தரும் இதுல கால் வைக்கக் கூடாது."

"முதலாளி கேட்டா?"

"என்னைக் கேட்கச் சொல்லுங்க. வேலை போனாப் போகட்டும்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ராக்கன் நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

சவரியப்பன் மருதாயியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்திருந்தது.

"பயப்படாதேம்மா. உன் வீட்டுக்காரரை இனிமே யாரும் இப்படி இறக்க விடமாட்டேன்."

மருதாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் வீட்டுக்காரரா? அந்த மனுசன் போன வருசம் இந்தத் தொட்டிக்குள்ளதான் சார் செத்துப் போனாரு. குடிச்சுப்புட்டு அவராத்தான் எறங்குனாருன்னு விசாரணையில பொய்ச்சாட்சி சொன்ன ஆளு, இந்த ராக்கன்."