ஊத்தினது யாரு?

"யோவ், பிரேக் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாம நீயெல்லாம் எதுக்குய்யா ஸ்பேனரைப் பிடிக்கிற?"

டிராக்டர்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மெக்கானிக் கையில், கழற்றிய பிரேக் சிலிண்டர். உள்ளே ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பிப் போயிருந்தன. பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றியதால் வந்த வினை. மிதித்த பிரேக் மேலே வராமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய டிராக்டர் நேற்று கடைவீதி நடுவில் ஒரு மணி நேரம் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. போன மாதம் அதற்கு சர்வீஸ் செய்தவர் இவர்தான்.

"என் தப்புதான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

டிராக்டர்காரர் அதற்கும் விடவில்லை. பிடிபிடியென்று பிடித்தார். மெக்கானிக் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நல்லவேளை, டிராக்டர்காரரின் மாமனார் குறுக்கே வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போனபின் மூன்று மாதமாக மகள் வீட்டில்தான் வாசம். டிராக்டரைத் துடைப்பது, தண்ணீர் எண்ணெய் பார்ப்பது எல்லாம் இப்போது அவர் பொறுப்பு.

"விடுங்க மாப்பிள்ளை. மனுஷன்னா கை தவறத்தான் செய்யும்."

மாப்பிள்ளை முறைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மாமனாரின் தங்கமான மனசு எங்கே, இவர் வாய் எங்கே!

புது வாஷர் போட்டாயிற்று. குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். மாமனாரே சீட்டில் ஏறி, மெக்கானிக் சொல்லச் சொல்ல பிரேக்கை மிதித்துக் கொடுத்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கீழே குனிந்து கிசுகிசுத்தார்.

"அந்த எண்ணெய ஊத்தினது நான்தாம்பா. கண்ணாடி போடாம கேனை மாத்தி எடுத்துட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்ல இருப்பேன்? பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

தங்கம் பித்தளையாகிவிட்டது.

"நான் சொல்லல ஐயா. நீங்க மிதிங்க" என்றது டிராக்டருக்கு அடியிலிருந்து குரல்.

வேலை முடிந்தது. பிரேக் பிடிக்கவும் பிடித்தது, விடவும் விட்டது. மெக்கானிக் பையோடு கிளம்பினார். தெருமுனையில் காத்திருந்த மாப்பிள்ளை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. மாமாதான் ஊத்தியிருப்பார்னு எனக்கு நேத்தே தெரியும். அவர் மேல பழி வந்தா மனுஷன் தாங்கமாட்டார், அந்த ஆளில்லாத வீட்டுக்கே திரும்பிப் போயிடுவார். அதான் உங்களை..."

"அதுக்குத்தானே தம்பி நானும் ஒத்துக்கிட்டேன்" என்றார் மெக்கானிக். "ஆனா காலைல போன்ல, ரெண்டே ரெண்டு வார்த்தை திட்டறேன்னுதானே சொன்னீங்க? அந்த மிச்சமெல்லாம் எனக்கா, உங்க மாமாவுக்கா?"